சித்தன்னவாசலில் பெயர் எழுதியவர்கள்

சுவரில் கிறுக்குவது கலையா, நாசவேலையா? இந்தத் தலைப்பைக் கொடுத்தால் நம்மில் பலர் நியூயார்க் ரயில் பெட்டி, லண்டன் பேங்க்ஸி என்று ஆரம்பித்து விடுவோம். அவ்வளவு தூரம் போக வேண்டாம் நண்பர்களே. ஆலங்குடியில் பஸ் ஏறி, புதுக்கோட்டையில் இறங்கி, அன்னவாசல் பஸ் பிடித்தால் போதும். சித்தன்னவாசல் மலையில் இந்த வழக்கு இரண்டாயிரம் வருடமாக நடந்துகொண்டிருக்கிறது.

கீழே இருக்கும் ஓவியக் குகைக்கு எல்லோரும் போவார்கள். மேலே ஏழடிப்பட்டத்துக்கு ஏறுகிறவர்கள் குறைவு. மலையின் கிழக்குப் பக்கத்தில் இயற்கையாக அமைந்த குகை அது. பாறையில் வெட்டிய ஏழு குழிகளில் கால் வைத்துக் கடக்க வேண்டியிருந்ததால் அந்தப் பெயர். உள்ளே சமண முனிவர்கள் படுத்த 17 கல் படுக்கைகள் இருக்கின்றன. தலை வைக்கும் இடம் தலையணை மாதிரி கொஞ்சம் உயர்ந்திருக்கும். வழவழவென்று தேய்த்து வைத்திருக்கிறார்கள். இருந்தாலும் அதில் ஒரு ராத்திரி தூங்கச் சொன்னால் நான் மாட்டேன்!

இதில் பெரிய படுக்கையில் தமிழ் பிராமி எழுத்தில் ஒரு கல்வெட்டு உண்டு. ஐராவதம் மகாதேவன் அதைக் கி.மு. முதல் நூற்றாண்டைச் சேர்ந்தது என்று கணித்தார். எருமை நாட்டில் குமிழூரில் பிறந்த ஒருவருக்காகச் சிறுபோசில் இளையர் செய்து கொடுத்த இருக்கை என்பது அதன் பொருள். எருமை நாடு என்பது மைசூர்ப் பகுதி என்று ஆய்வாளர்கள் சொல்கிறார்கள். அத்தனை தூரத்திலிருந்து வந்தவரின் ஊர்ப்பெயர் நம் மாவட்டத்துப் பாறையில் இருக்கிறது.

சரி, இது கொடுத்தவர் வெட்டிய கல்வெட்டு, இதைக் கிறுக்கல் என்று யாரும் சொல்ல மாட்டார்கள். ஆனால் பக்கத்துப் படுக்கைகளைப் பாருங்கள். அவற்றில் கி.பி. 8, 9-ஆம் நூற்றாண்டு எழுத்தில் வெறும் பெயர்கள் மட்டும் இருக்கின்றன. திருநீலன், திருப்பூரணன் என்று. தானம் கொடுத்த செய்தி இல்லை, ராஜாவின் ஆட்சியாண்டு இல்லை. ‘நான் இங்கே இருந்தேன்’ என்பதைத் தவிர வேறு எதுவும் அவை சொல்லவில்லை. முதல் எழுத்துக்கும் இவற்றுக்கும் நடுவே ஏறக்குறைய 900 வருடம்! உலகத்தை விட்டே வந்த துறவிக்கும் பெயர் ஆசை விடவில்லையோ, அல்லது சிஷ்யப் பிள்ளைகள் வெட்டினார்களோ.

இப்போது கீழே இறங்கி அறிவர் கோயிலுக்கு வருவோம். இது குடைவரை. உலகம் இதைத்தான் சித்தன்னவாசல் என்று அறியும். பாண்டியன் ஸ்ரீமாற ஸ்ரீவல்லபன் காலத்தில், அதாவது 9-ஆம் நூற்றாண்டில், மதுரை ஆசிரியர் இளங்கௌதமன் இதைப் புதுப்பித்ததாக இங்கேயே கல்வெட்டு இருக்கிறது. விதானத்தில் தாமரைக் குளம், மீன், யானை, எருமை, பூப்பறிக்கும் ஆட்கள். தூண்களில் ஆடல் மகளிர். சில மில்லிமீட்டர் கனமே உள்ள சுண்ணாம்புப் பூச்சின் மேல் தீட்டிய படங்கள் இவை. 1920-இல் ழுவோ துப்ரேயில் எழுதிய பிறகுதான் வெளியுலகம் கவனித்தது. 1930-களின் இறுதியில் பரமசிவன் என்ற வேதியியல் அறிஞர் சுத்தம் செய்து பாதுகாப்பு வேலை பார்த்தார். ஆனாலும் நமக்குக் கிடைத்தது மிச்சம் மட்டுமே. மழை, வெயில், காற்று எல்லாம் காரணம்தான். கேட்பாரில்லாமல் கிடந்த நாட்களில் வந்து போனவர்களின் கைவரிசையும் ஒரு காரணம். மலையில் கண்ணில் படும் பாறைகளில் இப்போதும் பெயர்கள் இருக்கின்றன. இதயம் போட்டு, அம்பு விட்டு, நடுவில் இரண்டு இனிஷியல்.

திருப்பூரணன் என்ற பெயரை ஆராய்ச்சி செய்கிறோம், இந்த இனிஷியலைத் திட்டுகிறோம். பழசு என்பது மட்டும்தான் வித்தியாசமா? அப்படியென்றால் இன்றைய கிறுக்கலும் ஆயிரம் வருடம் பொறுத்திருந்தால் வரலாறு ஆகிவிடுமே! ஒரு நண்பன் இதைத்தான் கேட்டான். கேள்வி நியாயமானதுதான்.

கிராஃபிட்டி என்ற இத்தாலியச் சொல்லுக்குக் கீறல் என்றுதான் அர்த்தம். தொல்லியல்காரர்கள் பானை ஓட்டில் இருக்கும் குறிகளையும் அதே சொல்லால்தான் அழைக்கிறார்கள். புதுக்கோட்டைக்குக் கிழக்கே பொற்பனைக்கோட்டையில் 2023-இல் தமிழகத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தவற்றில் கீறல் குறியீடு கொண்ட பானை ஓடுகளும் உண்டு. கீழடியில் ஆதன், குவிரன் என்ற பெயர்களே ஓட்டில் கிடைத்தன. ராஜாக்கள் தங்கள் பெருமையைக் கோயில் சுவர் முழுக்க எழுதி வைத்துவிட்டுப் போனார்கள். ஆதனுக்கும் குவிரனுக்கும் யார் கல்வெட்டு வெட்டுவார்கள்? அவர்களாகவே கீறிக்கொண்டால்தான் உண்டு. எல்லாக் கீறலையும் குற்றம் என்று ஒதுக்கினால் சாதாரண மனிதனின் வரலாற்றில் பாதியைத் தூக்கி எறிந்தவர்கள் ஆவோம்.

இதே குழப்பம் இலங்கையில் ஒரு பெண்ணைச் சிறைக்கே அனுப்பியது. சிகிரியா மலையில் 5-ஆம் நூற்றாண்டு காசியப்ப மன்னன் காலத்து ஓவியங்கள் உண்டு. போகும் வழியில் கண்ணாடி போல மெருகேற்றிய சுவர். அதில் பெரும்பாலும் 8 முதல் 10-ஆம் நூற்றாண்டு வரை மலை பார்க்க வந்தவர்கள், ஓவியப் பெண்களைப் பற்றிப் பழைய சிங்களத்தில் கவிதை கீறி வைத்திருக்கிறார்கள். அறிஞர் பரணவிதான அவற்றில் 685-ஐப் படித்து 1956-இல் புத்தகமாக்கினார். இன்று அது சிங்கள இலக்கியத்தின் பொக்கிஷம். 2015-இல் மட்டக்களப்புப் பகுதியிலிருந்து சுற்றுலா வந்த ஒரு தமிழ் இளம்பெண் அதே சுவரில் தன் பெயரைக் கீறினார். இரண்டு வருடச் சிறைத் தண்டனை! பலரும் குரல் கொடுத்த பிறகு ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மன்னிப்பு வழங்கினார்.

அவர் செய்தது தப்புதான், ஆனால் இரண்டு வருடம் அநியாயம். ஏன் தப்பு என்றால், அவர் கீறிய சுவர் முன்னோர்கள் கீறியபோது இருந்த வெறும் சுவர் அல்ல. இப்போது அது எழுதப்பட்ட ஏடு. அதில் ஒரு கோடு போட்டாலும் வேறொருவர் எழுத்து அழியும்.

காமர்ஸ் படிக்கிற எனக்கு எதையும் பற்று வரவு போட்டுப் பார்க்கிற புத்தி. எழுதியவனுக்குப் பெயர் வரவு. பற்று யார் கணக்கில்? ஆதன் கீறியது பானையில், இழப்பு ஒன்றும் இல்லை. திருப்பூரணன் பெயர் இருப்பது வெறும் பாறையில். சிகிரியாக் கவிஞர்கள் ஓவியத்தின் மேல் எழுதவில்லை, அந்தச் சுவரில் எழுதினார்கள். சித்தன்னவாசல் பூச்சில் ஆணியால் ஒரு பெயரைக் கீறினால் தாமரை போய்விடுகிறது, திரும்ப வராது. கிறுக்கல் அழகா, பழசா, அனுமதி வாங்கியதா என்பதெல்லாம் எனக்கு இரண்டாம் பட்சம். அதற்காக எது அழிந்தது என்று முதலில் பார்க்கிறேன்.

இந்தக் கணக்கிலும் ஒரு சிக்கல் உண்டு, மறைக்க விரும்பவில்லை. கருவறை விதானத்தில் இன்னும் பழைய ஓவிய அடுக்கு ஒன்று, விரிப்பு மாதிரி கோலத்தோடு, தெரிகிறது. அதாவது பின்னால் வந்தவர்கள் முன்னவர் ஓவியத்தின் மேலேயே பூசித் தீட்டியிருக்கிறார்கள். அது இளங்கௌதமனின் திருப்பணி என்றால் அவரும் குற்றவாளியா? நான் அவரை விட்டுவிடுவேன். கீழே இருந்ததைச் சுரண்டி எறியாமல் மூடினார், அதனால்தான் இன்று நமக்குத் தெரிகிறது. தவிர, இடிந்ததைக் கட்டியவர் அவர். ஆனால் பழைய ஓவியனைக் கேட்டால் என்ன சொல்லுவானோ!

நம் நாட்டுச் சட்டம் இதற்குள் எல்லாம் போவதில்லை. சித்தன்னவாசல் மத்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருக்கிறது. 1958 சட்டப்படி அங்கே சேதப்படுத்தினால் 3 மாதம் சிறை அல்லது 5,000 ரூபாய் அபராதம் வரை என்று இருந்தது. 2010 திருத்தத்தில் அது 2 வருடம், 1 லட்சம் வரை என்று ஏறியது. ஊர்ச் சுவர்களில் எழுதுவதற்குத் தமிழ்நாட்டில் 1959-லேயே தனிச் சட்டம் உண்டு. தேர்தல் வந்தால் அந்தச் சட்டம் எங்கே போகிறது என்று கேட்காதீர்கள்.

அபராதத்தைவிட எனக்குத் தோன்றுவது வேறு. மலையடிவாரத்தில் பெரிய வெறும் கல் பலகை ஒன்றை நட்டு, பக்கத்தில் சாக்பீஸ் வைக்கலாம். யார் வேண்டுமானாலும் பெயர் எழுதட்டும், மழை வந்தால் அழியட்டும். மேலே ஏறுகிறவர்களிடம், அந்தப் படுக்கைகளில் இருப்பதும் நம்மைப் போலப் பெயர் எழுத ஆசைப்பட்டவர்களின் எழுத்துதான் என்று வழிகாட்டி ஒருவர் சொன்னால், ஆணியை எடுத்த கை கொஞ்சம் யோசிக்கும் என்று நினைக்கிறேன். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்?