எரியும் பனிக்கட்டியைத் தேடிய கதை



வங்கக் கடலுக்கு அடியில் பல நூறு ஆண்டுகளுக்குப் போதுமான எரிவாயு இருக்கிறது, சீக்கிரமே சிலிண்டர் விலை குறைந்துவிடும் என்று வாட்ஸ்அப்பில் ஒரு செய்தி சுற்றுகிறது. வாயு இருப்பது உண்மை. ஆனால் அது சிலிண்டரில் வரும் வாயு அல்ல, சி.என்.ஜி. ஆட்டோ ஓடுகிறதே, அந்த மீத்தேன். அதை வெளியே எடுப்பதோ தனிக்கதை.

1810-வாக்கில் ஹம்ப்ரி டேவி என்ற ஆங்கிலேய விஞ்ஞானி, குளோரின் வாயுவும் தண்ணீரும் சேர்ந்து பனிக்கட்டி போல உறைவதைக் கண்டார். நூறாண்டுக்கு மேல் அது ஆய்வகத்து வேடிக்கையாகவே இருந்தது. 1934-இல் அமெரிக்காவில் ஹாமர்ஷ்மிட் என்பவர், எரிவாயுக் குழாய்களை அடைப்பது இதே வகைக் கட்டிதான் என்று காட்டினார். 1960-களில் சைபீரியாவில் இது இயற்கையாகவே நிலத்துக்குள் இருப்பது தெரிந்தது. அதன்பின் கடலடியிலும் கண்டார்கள்.

இதன் பெயர் ஹைட்ரேட். தண்ணீர் மூலக்கூறுகள் கூண்டு போல அமைந்து, உள்ளே மீத்தேனை அடைத்து வைத்திருக்கும். தீக்குச்சியைக் காட்டினால் பனிக்கட்டி எரியும்! ஒரு கன மீட்டர் கட்டியில் சுமார் 164 கன மீட்டர் வாயு அடங்கும். கூண்டு உடையாமல் இருக்கக் குளிரும் அழுத்தமும் வேண்டும். ஆழ்கடலின் அடியில் இரண்டும் உண்டு.

நம் அரசு 1997-இல் இதற்கென்று ஒரு தேசியத் திட்டம் தொடங்கியது. 2006-இல் 'ஜாய்டஸ் ரெசல்யூஷன்' என்ற துளையிடும் கப்பல் 113 நாட்களில் 21 இடங்களில் 39 துளைகள் போட்டது. ஆந்திரக் கரையை ஒட்டிய கிருஷ்ணா-கோதாவரிப் படுகையில் ஓரிடத்தில் ஹைட்ரேட் அடுக்கு 128 மீட்டர் தடிமன் இருந்தது. அந்தமான் அருகே எரிமலைச் சாம்பல் படிவுகளிலும் கிடைத்தது. 2015-இல் ஜப்பானின் 'சிக்யூ' கப்பல் வந்து, மணல் படிவுகளில் செறிவாக இருப்பதைக் கண்டது. நம் பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனமும், 6,000 மீட்டர் ஆழம் வரை இறங்கக்கூடிய ஆளில்லா ஊர்தியை ரஷ்யர்களோடு சேர்ந்து உருவாக்கியது.

பிறகு ஏன் எடுக்கவில்லை? ஆவடி, பூந்தமல்லிப் பக்கம் போர்வெல் போட்டவர்களுக்குச் சட்டென்று புரியும். தண்ணீரோடு மணலும் ஏறி வந்தால் மோட்டார் என்ன ஆகும்? அதேதான் அங்கேயும். அழுத்தத்தைக் குறைத்தால் கூண்டு உடைந்து வாயு வரும். ஆனால் மண்ணைப் பிடித்து வைத்திருந்ததும் அந்தக் கட்டிதானே! ஜப்பான் 2013-இல் கடலில் எடுத்துப் பார்த்தது. ஆறே நாளில் மணல் புகுந்து நிறுத்த வேண்டியதாயிற்று. 2017-இல் முதல் கிணற்றில் மறுபடியும் மணல். அதே ஆண்டு சீனா 60 நாட்கள் எடுத்தது. ஆனாலும் கடலடி ஹைட்ரேட்டிலிருந்து வணிக அளவில் இன்னும் யாரும் வாயு எடுக்கவில்லை.

இன்னொரு பயமும் உண்டு. மீத்தேன் எரியாமல் காற்றில் கலந்தால், கரியமில வாயுவைவிடப் பல மடங்கு பூமியைச் சூடாக்கும்.

நாடு பயன்படுத்தும் இயற்கை எரிவாயுவில் ஏறக்குறைய பாதி இறக்குமதிதான். நம் எண்ணூர் துறைமுகத்திலேயே 2019 முதல் கப்பலில் வந்து இறங்குகிறது. அதனால் இந்தத் தேடல் வீண் அல்ல. ஆனால் மணலைத் தடுக்கும் சல்லடை, கசிவைக் கண்டுபிடிக்கும் கருவி, சரியாத கிணறு, இவையெல்லாம் முதலில் சரியாக வேண்டும். இன்ஜினியரிங் படிக்கும் நம் வீட்டுப் பிள்ளைகளிடம் இதைச் சொல்லுங்கள். அம்பத்தூர் எஸ்டேட்டில் பட்டறை வைத்திருக்கும் என் மாணவர்களே, உங்களுக்கும் இதில் வேலை இருக்கிறது.