தாம்பரம் வட்டாரத்தில் அன்னக்கொடை

சென்னையின் தென் எல்லையில் பல்லாவரம், குரோம்பேட்டை, தாம்பரம், முடிச்சூர், பெருங்களத்தூர் தொடங்கி கிழக்கே வேளச்சேரி, பெரும்பாக்கம் வரை, வீடும் வேளைச் சோறும் இல்லாதவர்களுக்குத் தனியாரும் வழிபாட்டிடங்களும் அறக்கட்டளைகளும் செய்துவரும் உதவி. சமைத்த உணவு, அரிசி பருப்பு, பணம், படுக்க இடம் என இது பல வகைப்படும். கொடுப்பவருக்குப் பிறந்தநாள், திதி, அமாவாசை என்று நாள் உண்டு. பசிக்கு அப்படி நாள் கிடையாது. இந்த இரண்டையும் பொருத்தப் பல காலமாக நடந்துவரும் முயற்சிகளே இக்கொடையின் வரலாறு.

மிகப் பழைய முயற்சி கல்லிலேயே இருக்கிறது. செங்கல்பட்டுக்கு மேற்கே பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் திருமுக்கூடலில், வேங்கடேசப் பெருமாள் கோயிலில் வீரராசேந்திர சோழன் காலத்துக் கல்வெட்டு ஒன்று உள்ளது (கி.பி. 1067–68). கோயிலைச் சார்ந்த கல்விச்சாலையின் மாணவர்களுக்குச் சாப்பாடு, 15 படுக்கைகள் கொண்ட வீரசோழன் என்னும் மருத்துவமனை, அங்கே கிடக்கும் நோயாளிக்கு அன்றாட அரிசி, மருத்துவரிலிருந்து பணிப்பெண்கள் வரை அனைவருக்கும் ஊதியம் என எல்லாவற்றுக்கும் அதில் அளவு போட்டிருக்கிறார்கள். யாரோ ஒருவர் மனம் இரங்கிய அன்று மட்டும் கிடைத்த சோறு அல்ல இது. வருவாயை ஒதுக்கி, நாளுக்கு இவ்வளவு என்று எழுதிவைத்த நிபந்தம். பிற்காலத்துச் சத்திரங்களும் கோயில் கட்டளைகளும் இதே கணக்கில்தான் நடந்தன. நிலத்திலிருந்து வருமானம் வந்தவரை அடுப்பு எரிந்தது. நிலம் கைமாறிய இடங்களில் சத்திரம் என்ற பெயர் மட்டும் மிஞ்சியது.

பஞ்சத்தின் முன் நிபந்தங்கள் போதவில்லை. 1780களின் தொடக்கத்தில் ஹைதர் அலியின் போரால் செங்கல்பட்டுச் சீமை பாழாகி, கிராமத்தார் கூட்டம் கூட்டமாக மதராசுக்கு ஓடிவந்தார்கள். அவர்களுக்குக் கஞ்சி ஊற்ற 1782இல் ராயபுரத்தில் எழுந்தது மணியக்காரர் சத்திரம். அதையொட்டி வளர்ந்ததே இன்றைய ஸ்டான்லி மருத்துவமனை. வட சென்னையில் மூத்தவர்கள் இன்றும் அதைக் கஞ்சித்தொட்டி ஆஸ்பத்திரி என்றே சொல்வார்கள். 1876–78 தாது வருஷப் பஞ்சத்தில் அரசு வேறு வழி கண்டது. வேலை செய்தால் கூலி. அந்தக் கூலியும் நாளுக்கு ஒரு ராத்தல் தானியமும் ஓரணாவும் என்ற அளவுக்குக் குறைக்கப்பட்டது. பக்கிங்காம் கால்வாயில் கூவத்தையும் அடையாற்றையும் இணைக்கும் பகுதி அந்தப் பஞ்சக் கூலியில் வெட்டப்பட்டதுதான். வேலை செய்யத் தெம்பில்லாதவனே அதிகம் பசித்தவன் என்ற எளிய உண்மை அந்தத் திட்டத்துக்கு எட்டவில்லை.

இதற்குச் சில ஆண்டுகள் முன்பே, 1867 மே 23 அன்று, வடலூரில் வள்ளலார் சத்திய தருமசாலையைத் தொடங்கியிருந்தார். அங்கே சாதியும் ஊரும் கேட்பதில்லை, வேலையும் வாங்குவதில்லை. அன்று மூட்டிய அடுப்பு இன்றும் அணையவில்லை. தமிழ்நாட்டு அன்னதானத்தை விழா நாளிலிருந்து விடுவித்து அன்றாடக் கடமையாக்கியதில் வடலூருக்கு இணையாக எதையும் சொல்ல முடியாது. பின்னாளில் காஞ்சிப் பெரியவர் வலியுறுத்திய பிடி அரிசித் திட்டமும் அதே சிக்கலை வேறு முனையிலிருந்து தொட்டது. வீட்டில் உலை வைக்குமுன் ஒரு கைப்பிடி அரிசியை எடுத்துத் தனியே போட வேண்டும். அதைத் திரட்டி ஏழைகளுக்குச் சமைக்க வேண்டும். பணக்காரர் ஒருவரின் ஒருநாள் கொடையைவிட, நூறு வீடுகளின் அன்றாடப் பிடி அரிசி நம்பகமானது.

தாம்பரம் அப்போது ஏரிகளும் வயல்களும் சூழ்ந்த சிற்றூர். அதை மாற்றியவை ரயிலும் நோயும் கல்லூரியும். 1931இல் கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை மின்ரயில் ஓடத் தொடங்கியது. 1937இல் சென்னை கிறித்தவக் கல்லூரி ஜார்ஜ் டவுனிலிருந்து இங்கே குடிபெயர்ந்தது. இவற்றுக்கு முன்னரே, 1928இல், இங்கிலாந்தில் காசநோய் விடுதி நடத்திய டாக்டர் டேவிட் சௌரிமுத்து பச்சைமலை அடிவாரத்தில் 12 படுக்கைகளோடு ஒரு சானடோரியத்தைத் தொடங்கினார். 1937இல் அரசு அதை எடுத்துக்கொண்டது. ஒரு ரயில் நிலையத்துக்கே அதன் பெயர்தான்.

இந்த வட்டாரத்தின் கொடை வரலாற்றில் சானடோரியத்துக்குத் தனி இடம் கொடுக்க வேண்டும். காசநோய்க்கு மருந்து இல்லாத நாளில் நல்ல காற்று, ஓய்வு, சத்தான சாப்பாடு ஆகிய மூன்றும்தான் வைத்தியம்; ஆகவே உணவே மருந்துச் செலவு. 1950களில் மருந்து வந்தபின் கதை திரும்பியது. சேத்துப்பட்டில் 1956இல் தொடங்கிய காசநோய் ஆய்வு மையம், வீட்டிலிருந்தபடி, எளிய சாப்பாட்டோடு மருந்து எடுத்துக்கொண்ட ஏழைகளும் சானடோரியத்தில் இருந்தவர்களுக்கு இணையாகக் குணமடைந்தார்கள் என்று காட்டியது. உலகெங்கும் சானடோரியங்கள் மூடப்பட அந்த முடிவும் ஒரு காரணம். தாம்பரத்து மருத்துவமனை மூடப்படவில்லை. 1993 முதல் எய்ட்ஸ் நோயாளிகளை அது சேர்த்துக்கொண்டது. வீட்டார் கொண்டுவந்து விட்டுவிட்டுத் திரும்பி வராதவர்கள் அந்தக் காலத்தில் பலர். நோய் தணிந்து வெளியே வந்தால் போக இடம் இல்லை. வீடில்லாமை என்பது வாடகை கட்ட முடியாததால் மட்டும் வருவதில்லை என்பதைத் தாம்பரம் அப்போது கண்ணெதிரே பார்த்தது.

சோற்றை மருந்து வென்றதாக எழுதப்பட்ட கதை அதோடு முடியவும் இல்லை. சேத்துப்பட்டு மையத்தின் வழிவந்த தேசியக் காசநோய் ஆராய்ச்சி நிறுவனமும் பங்கேற்று ஜார்க்கண்டில் நடத்திய ஆய்வின் முடிவு 2023 ஆகஸ்டில் வெளியானது. நோயாளியின் வீட்டாருக்கு மாதந்தோறும் தலைக்கு 5 கிலோ அரிசியும் ஒன்றரைக் கிலோ பருப்பும் சத்து மாத்திரையும் கொடுத்ததில், அவர்களுக்குக் காசநோய் வருவது ஏறத்தாழ 40 விழுக்காடு குறைந்தது. இடையில் 2022இல், நோயாளி ஒருவருக்கான உணவுப் பொருளை மாதந்தோறும் தனியாரோ நிறுவனமோ ஏற்கும் நிக்‌ஷய் மித்ரா முறையை மத்திய அரசு கொண்டுவந்தது. அன்னக்கொடைக்கு இதைவிடத் தெளிவான பயன் காட்டுவது கடினம். கொடுப்பது இன்னாருக்கு, இத்தனை மாதத்துக்கு, இன்ன பொருள் என்று எல்லாம் முன்கூட்டியே தெரிகிறது.

தனியார் கொடையாகத் தொடங்கி அரசின் பொறுப்பாக மாறியதற்குப் பெரிய சான்று மதிய உணவு. 1956இல் காமராசர் காலத்தில் அது ஊர்க்காரர்களின் நன்கொடையில்தான் தொடங்கியது. பிறகு செலவில் ஆறு பங்கை அரசும் நான்கு பங்கை ஊரும் ஏற்றன. 1982இல் எம்.ஜி.ஆர். அதைச் சத்துணவாக விரித்தார். 2002இல் கோயில் அன்னதானத் திட்டமும் 2013இல் அம்மா உணவகமும் வந்தன. இட்லி 1 ரூபாய், சாம்பார் சாதம் 5 ரூபாய். ரமலானில் நோன்புக் கஞ்சிக்கு அரசு பள்ளிவாசல்களுக்கு அரிசி தருவதும் இதே வரிசை. பல பள்ளிவாசல்களில் அந்தக் கஞ்சிக்குத் தூக்குவாளியோடு நிற்பவர்களில் எல்லா மதத்தாரும் உண்டு.

2011 முதல் ரேஷனில் அரிசி இலவசம். அப்படியிருந்தும் தாம்பரத்தில் இரவில் பசித்துப் படுப்பவர் ஏன் இருக்கிறார் என்று கேட்கலாம். ரேஷன் கார்டுக்கு முகவரி வேண்டும். அரிசி கிடைத்தாலும் பொங்கித் தின்ன அடுப்பு வேண்டும். பிளாட்பாரத்தில் படுப்பவருக்கு இரண்டும் இல்லை. தென்மாவட்டத்து ரயில்கள் நிற்கும் ஊர் இது; வேலை தேடி வருபவரும், வீட்டை விட்டு வந்த முதியவரும், மனநலம் குன்றியவரும் இங்கேதான் இறங்குகிறார்கள். 2023 டிசம்பர் 30 அன்று கிளாம்பாக்கம் பேருந்து முனையம் திறக்கப்பட்டபின் அந்தக் கூட்டத்தில் ஒரு பகுதி இன்னும் தெற்கே நகர்ந்தது. அரசின் பட்டியலில் இல்லாத இவர்களுக்குத் தனியார் கொடைதான் முதல் கை. அதை வெறும் புண்ணியக் கணக்கு என்று ஒதுக்குபவர்கள் இதை மறந்துவிடுகிறார்கள்.

பேரிடரில் அந்தக் கையின் வலுவும் குறையும் சேர்ந்தே தெரிந்தன. 2015 டிசம்பர் 2 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 செ.மீ. மழை. அடையாறு பெருகி முடிச்சூரும் வரதராஜபுரமும் மூழ்கின. பள்ளிவாசல்களும் தேவாலயங்களும் கல்யாண மண்டபங்களும் சமையற்கூடங்களாயின. வெளியூர்களிலிருந்து லாரிகள் வந்தன. ஆனால் லாரி போக முடிந்த பிரதான சாலையில் பொட்டலங்கள் குவிந்து ஊசிப்போக, உட்புறத் தெருக்களில் மொட்டைமாடியில் நின்றவர்கள் காத்துக் கிடந்தார்கள். 2020 ஏப்ரலில், ஊரடங்கின்போது, தனியார் நேரடியாக உணவு வழங்கக் கூடாது என்று மாநில அரசு அறிவித்தது. வழக்கு உயர் நீதிமன்றத்துக்குப் போய், நிபந்தனைகளோடு அனுமதி கிடைத்தது. கூட்டம் சேரும் என்ற அரசின் அச்சம் நியாயமானது, தடை நியாயமானதல்ல.

தங்குமிடத்தைப் பொறுத்தவரை நெடுங்காலம் சட்டம் எதிர்த்திசையில் நின்றது. 1945ஆம் ஆண்டுச் சென்னைப் பிச்சையெடுத்தல் தடைச் சட்டம் தெருவில் கிடப்பவரைக் குற்றவாளியாகப் பார்த்தது. 2010இல் உச்ச நீதிமன்றம், ஒரு லட்சம் மக்கள்தொகைக்கு ஒரு காப்பகம், அதுவும் 24 மணி நேரமும் திறந்திருக்க வேண்டும் என்றது. 2013இல் நகர்ப்புற வீடற்றோர் தங்குமிடத் திட்டம் வந்தது. கட்டடம் உள்ளாட்சியுடையது, நடத்துவது தொண்டு நிறுவனம், போர்வை, சோப்பு, கூடுதல் சாப்பாடு எல்லாம் நன்கொடையாளர் பாடு. 5 நகராட்சிகளும் 5 பேரூராட்சிகளும் சேர்ந்து 2021 நவம்பரில் உருவான தாம்பரம் மாநகராட்சிக்கு அந்த அளவுகோலின்படி பல காப்பகங்கள் வேண்டும். தனியார் முயற்சிகளில், கிழக்குக் கடற்கரைச் சாலைப் பாலவாக்கத்தில் சாவித்திரி வைத்தி 1978இல் தொடங்கிய விச்ராந்தி, ஆதரவற்ற முதிய பெண்களுக்கான இல்லம். வீடின்றித் திரியும் மனநோயாளிப் பெண்களுக்காக 1993இல் சென்னையில் தொடங்கிய பான்யன் பின்னர் கோவளம் பகுதியிலும் பணி செய்தது. சோற்றுப் பொட்டலத்தால் தீராத பசி இது என்று உணர்ந்த அமைப்புகள் இவை.

மண்டபங்களில் மீந்த சாப்பாட்டை எடுத்துச் சேர்ப்பது அண்மைக்கால வழக்கம். 2014இல் கோவையில் தொடங்கிய ‘நோ ஃபுட் வேஸ்ட்’ அதைச் சென்னைக்கும் கொண்டுவந்தது. 2017இல் பெசன்ட் நகரில் தெருவோரப் பொதுக் குளிர்பெட்டி வைக்கப்பட்டது. உபரி உணவை வழங்குவதற்கான விதிகளை உணவுப் பாதுகாப்பு ஆணையம் 2019இல் வகுத்தது. சென்னை வெயிலில் தேங்காய்ச் சட்டினியும் சாம்பார் சாதமும் மதியத்தைத் தாண்டாது, புளிசாதம் தாண்டும். சமைத்த நேரத்தை எழுதி ஒட்டச் சொல்வது அதனால்தான்.

வருமான வரிச் சட்டம் நன்கொடைக்குத் தரும் சலுகை பணமாகக் கொடுத்தால்தான் உண்டு. அரிசி மூட்டைக்குக் கிடையாது. பெரிய கொடைகள் காசோலையாகவும் சிறியவை பொட்டலமாகவும் பிரிந்து நிற்பதற்கு இதுவும் ஒரு காரணம். இரண்டும் வேண்டும். ஆனால் ஆடி அமாவாசையன்று ஒரே வாசலில் பத்துப் பேர் பொட்டலத்தோடு நிற்பதும் மறுநாள் யாரும் வராததும் இன்னும் மாறவில்லை. ஆகவே கொடுக்க நினைப்பவர்கள் சமைக்கச் சொல்லுமுன் பக்கத்துக் காப்பகத்துக்கு ஒரு போன் செய்து, எந்த நாள் காலியாக இருக்கிறது, என்ன பொருள் தீர்ந்துபோயிருக்கிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.