ஒற்றனுக்கு எதற்குப் பதக்கம்?

ஒவ்வொரு ஜனவரி 26, ஆகஸ்ட் 15ஐ ஒட்டியும் உள்துறை அமைச்சகம் காவல் பதக்கப் பட்டியலை வெளியிடும். நம்ம ஊர் இன்ஸ்பெக்டர் பேர் வந்திருக்கா என்று பார்த்துவிட்டு மூடிவிடுவோம். மாநிலங்களைத் தாண்டிப் போனால் ஐ.பி. எனும் மத்திய உளவுத்துறை வரும். பெயர், பதவி, அவ்வளவுதான். என்ன செய்தார் என்று ஒரு வரி இருக்காது.

இந்தச் சங்கடம் வள்ளுவருக்கே தெரிந்திருக்கிறது. 'ஒற்றாடல்' அதிகாரத்தின் கடைசிக் குறள், 590, ஒற்றனுக்குப் பிறர் அறியச் சிறப்புச் செய்யாதே என்கிறது. செய்தால் மறைக்க வேண்டியதை நீயே வெளியில் விட்டதாகிவிடும். அதெப்படி? விளக்கம் காஞ்சிபுரத்திலிருந்து வருகிறது. உலகளந்த பெருமாள் கோயிலோடு மரபு சேர்த்துச் சொல்லும் பரிமேலழகர் ஊர் வாயைப் புரிந்துகொண்டவர். பரிசு வாங்கியவன் யார், எதற்கு வாங்கினான் என்று ஒருவன் கேட்பான்; இன்னொருவன் பதில் சொல்வான். இருவருமே வெளியாட்கள். அப்புறம் ரகசியம் ஏது?

நவீன அரசு இதற்கு ஒரு வழி கண்டுபிடித்தது. 'தகைசால் பணி', 'பாராட்டத்தக்க பணி' என்று செயலை விட்டுவிட்டுப் பல ஆண்டுப் பணிக்குப் பதக்கம் தருவது. எந்தக் காரியம் என்பது அதில் கரைந்துவிடும். 2018இல் உளவுப் பணிக்கென்றே 'அசாதாரண் ஆசூசனா பதக்' உருவானது. 2024இல் அதையும் வேறு சில பதக்கங்களோடு சேர்த்து ஒன்றாக்கிவிட்டார்கள்.

செயலையே சொல்லிப் பாராட்ட வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆள் செத்திருக்க வேண்டும். நாஜிகள் பிடித்திருந்த பாரிஸில் பிரிட்டனுக்காக வயர்லெஸ் இயக்கிய நூர் இனாயத் கான் 1944இல் டாக்காவ் முகாமில் கொல்லப்பட்டார். ஜார்ஜ் கிராஸ் வந்தது 1949இல். அமெரிக்காவில் சி.ஐ.ஏ. தலைமையகச் சுவரில் சில நட்சத்திரங்களுக்கு இன்றும் பெயர் கிடையாது.

இதெல்லாம் சம்பளப் பட்டியலில் இருப்பவர்களுக்கு. உயிரைப் பணயம் வைத்துத் துப்பு கொடுத்தவருக்கு அதுவும் இல்லை. கிடைத்தால் ரொக்கம்.

பரிமேலழகர் பயந்த அந்த இரண்டு கேள்விகள், 'யார், எதற்கு', மன்னராட்சியில் ஆபத்து. குடியரசில் அவை நம் உரிமை. ஆனால் 2005ஆம் ஆண்டின் தகவல் உரிமைச் சட்டம், 24ஆம் பிரிவில், ஐ.பி.யையும் 'ரா'வையும் விலக்கி வைத்திருக்கிறது. ஊழல், மனித உரிமை மீறல் புகார்களுக்கு மட்டும் கதவு கொஞ்சம் திறக்கும். எனவே 'யார்' என்பது பட்டியலில் கிடைக்கிறது, 'எதற்கு' கிடைப்பதில்லை. இன்றைக்கு மறைப்பதில் நியாயம் உண்டு. ஐம்பது வருஷம் கழித்தும் மறைத்தால், உண்மையாக உழைத்தவரையும் சும்மா வாங்கியவரையும் வரலாறு எப்படிப் பிரித்தறியும்?