தறியிறை: மெய்க்கீர்த்திக்குக் கீழே உள்ள வரிகள்

பிரித்தானியாவில் பிள்ளைக்கு ஒரு சுவெற்றரைக் கடையில் வாங்கினால் பெறுமதி சேர் வரி இல்லை. அதே சுவெற்றரைத் தன் கையால் பின்ன விரும்பும் அம்மம்மா நூல் வாங்கினால் நூற்றுக்கு 20 வீதம் வரி. 1973இல் இவ்வரி வந்தபோதே பிள்ளைகளின் உடுப்புக்கு விலக்களிக்கப்பட்டது. நூலுக்கு அது கிடைக்கவில்லை. இரவு வேலை முடிந்து வந்த ஒரு காலையில், பேத்திக்காக என் மனைவி வாங்கிய நூலின் பற்றுச்சீட்டில் இதைக் கண்டேன். ஊரில் வரலாறு கற்பித்த காலத்தில் இப்படியொரு கேள்வியை நான் எழுப்பியதேயில்லை என்பது அப்போதுதான் உறைத்தது: துணியின் மீதான வரியை உண்மையில் இறுப்பவர் யார்?

எமது பாடத்திட்டத்தில் சோழர் கல்வெட்டு என்றால் மெய்க்கீர்த்திதான். காந்தளூர்ச்சாலை, ஈழம், கடாரம் என்று வெற்றிகளை ஒப்புவித்தோம். அதே கல்வெட்டுகளில் மெய்க்கீர்த்தி முடிந்தபின் வரும் பகுதியை மாணவர் தாண்டிச் சென்றனர். நாமும் தாண்டச் சொன்னோம். அங்கேதான் செக்கிறை, தட்டார்ப்பாட்டம், தறியிறை என்று வரிகள் அடுக்கப்பட்டுள்ளன. தறியிறை என்பது தறியொன்றுக்கு இவ்வளவு என விதித்த வரி. பல்லவர் செப்பேடுகளிலேயே தறி வரிக்குரிய பொருளாகிவிட்டது. 'சுங்கந்தவிர்த்த சோழன்' எனப் புகழப்பட்ட முதலாம் குலோத்துங்கனுக்குப் (1070 - 1122) பின்னரும் தறியிறை கல்வெட்டுகளில் தொடர்கிறது.

தறி ஏன் பிடிபட்டது? என் எண்ணம் இது: நிலத்தை அளக்கவேண்டும், விளைச்சலுக்குக் காத்திருக்கவேண்டும். தறியை எண்ணினால் போதும். தெருவில் பாவோட்டும் வீட்டில் தறி இருப்பதை ஒளிக்க முடியாது.

ஆனால் தறிதான் அசையாதது, நெசவாளர் அசையக்கூடியவர். வரி மிஞ்சினால் ஊரைவிட்டுப் போவது அவர்களுடைய பழைய ஆயுதம். விஜயநகர காலத்தில் கோயிலும் அதிகாரிகளும் தறிவரியைக் குறைத்து நெசவாளரை ஊரில் இருத்த முயன்றதைக் கல்வெட்டுகள் காட்டுகின்றன. அக்காலத்திற் காஞ்சிபுரத்துக் கைக்கோளர் தண்டும் சங்கும் பயன்படுத்தும் உரிமை பெற்றிருந்தனர். இவற்றை மன்னரின் கருணை என்று வாசிப்பது எம் வழக்கம். ஆள் போய்விடுவான் என்ற பயம் என்றும் வாசிக்கலாம். 1429இல் காவிரிக் கரையில் வலங்கையும் இடங்கையும் தம் பகையை ஒதுக்கிவைத்து, அநியாய வரியை இறுப்பதில்லையென ஒன்றாக முடிவெடுத்ததும் கல்லில்தான் இருக்கிறது.

கொம்பனி இவ்வரியைப் புதிதாகக் கண்டுபிடிக்கவில்லை. தனக்கு முந்திய ஆட்சிகளிடமிருந்து பெற்று, மொகதர்பா என்ற தொழில்வரியாகத் தொடர்ந்தது. லங்காஷயர் துணி சிறு சுங்கத்துடன் இறங்கிய காலத்தில் உள்ளூர்த் தறி வரி கட்டியது. கஜுலு லட்சுமிநரசு செட்டி தொடங்கிய சென்னைவாசிகள் சங்கம் 1852இல் பிரித்தானியப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மனுவின் முறைப்பாடுகளில் இவ்வரியும் ஒன்று.

தேசிய வரலாறு எழுதியவர்கள் இதைவிட 1896ஐயே பெரிதாக நினைவு வைத்தனர். அவ்வாண்டு இறக்குமதித் துணிக்கு 3.5 வீதச் சுங்கம் விதித்த அரசு, லங்காஷயரைத் திருப்திப்படுத்த இந்திய ஆலைத் துணிக்கும் அதே 3.5 வீதக் கலால் விதித்தது. கோபம் நியாயமானதே. ஆனால் அது ஆலை முதலாளியின் கோபம். கைத்தறிக்கு அந்தக் கலால் இல்லை. முப்பது வருடப் போராட்டத்தின் பின் 1926இல் அது ஒழிக்கப்பட்டு வரலாற்றில் இடம்பிடித்தது. தறிவரியை யார் நினைக்கிறார்?

மதுவிலக்கால் இழந்த வருமானத்தை ஈடுசெய்ய ராஜாஜி அரசு 1939இல் சென்னை மாகாணத்தில் பொது விற்பனை வரியைக் கொண்டுவந்தது. பஞ்சுக்கும் பஞ்சு நூலுக்கும் விலக்கு. கைத்தறித் துணியை மட்டும் விற்பவருக்கும் விலக்கு. 1957இல் ஆலைத் துணிமீதான விற்பனை வரிக்குப் பதிலாக மத்திய அரசு கூடுதல் கலால் விதித்தது. 2017 ஜூலையில் வந்த சரக்கு மற்றும் சேவை வரியோடு நிலைமை மாறியது. பருத்தி நூலுக்கு 5 வீதம், கைத்தறிச் சேலைக்கும் 5 வீதம். கதர் நூலும் காந்தித் தொப்பியும் விலக்குப் பெற்றன. செயற்கை இழை நூலுக்கு 18 என்று தொடங்கி அவ்வாண்டே 12 ஆக்கி, 2025 செப்டெம்பரில் 5 ஆக்கினர்.

இதற்கு ஒரு மறுப்பு உண்டு. நவீன வரியைப் பொருளை வாங்குபவரே இறுக்கிறார், உற்பத்தியாளர் தான் கட்டியதைக் கழித்துக்கொள்ளலாம் என்பார்கள். உண்மைதான், ஆனால் பதிவு செய்து கணக்குக் காட்டுபவருக்கு மட்டும். பிள்ளைச் சுவெற்றர் செய்யும் தொழிற்சாலை நூலுக்குக் கட்டிய வரியை அரசிடமிருந்து திரும்பப் பெறும். அம்மம்மாவுக்குத் திரும்பாது. பதிவில்லாத சிறு நெசவாளி நூலுக்குக் கொடுத்த 5 வீதமும் திரும்பாது. அன்று தறியை எண்ணினார்கள். இன்று பதிவேட்டைப் பார்க்கிறார்கள். இரண்டிலும் தன் கையை மட்டும் நம்பித் தொழில் செய்பவரிடமே வரி தங்கிவிடுகிறது.

சோழரையும் கொம்பனியையும் இன்றைய அரசையும் ஒரே தராசில் வைப்பதாக நண்பர்கள் குறை சொல்லக்கூடும். நான் மூன்றும் ஒன்று என்று சொல்லவில்லை. அந்நியன் எடுத்ததை மட்டும் சுரண்டல் என்றும், எம் மன்னன் எடுத்ததை நிர்வாகத் திறன் என்றும் எழுதும் பழக்கத்தை விடுவோம் என்கிறேன். புலம்பெயர்ந்த மண்டபங்களில் புலிக்கொடி வரைந்து இராசராசனைக் கொண்டாடும் எமக்கு, வரி பொறுக்காமல் தறியை விட்டு இரவோடிரவாகப் போன குடும்பம் அவனைவிட நெருங்கிய உறவு அல்லவா?

ஒருநாள் விரிவுரையின்போது மாணவி ஒருத்தி எழுந்து, "சேர், தறியிறை எவ்வளவு? கட்ட ஏலாதவை என்ன செய்தவை?" என்று கேட்டாள். "அது சோதினைக்கு வராது பிள்ளை" என்றேன். அவள் இப்போது எந்த நாட்டில் இருக்கிறாளோ தெரியாது. இக்கட்டுரை அவளுக்கான பதில்; மிகவும் பிந்திவிட்டது.