சாக்கெட் ஒண்ணுதான், போர்டு வேற

2014-ல், ஆவணி முகூர்த்தங்களுக்கு முன்னாடி நடந்த கதை. திருத்தணியில் என் அக்கா பையன் வீட்டிலேயே கல்யாணப் பத்திரிகை டிடிபி பண்ணிக் கொடுப்பான். பாதிப் பத்திரிகைகள் ஒரு பக்கம் தமிழ், ஒரு பக்கம் தெலுங்கு. 1960 ஏப்ரல் 1-ல்தான் ஆந்திராவிலிருந்து சென்னை மாநிலத்துக்கு வந்த ஊர் இது. சொந்தபந்தம் எல்லைக்கு அந்தப் பக்கமும் உண்டு.

அவனிடம் இருந்தது பழைய பென்டியம் 4. இன்டெல் 915 சிப்செட் போர்டு. ஒரு டிசைன் திறக்க டீ குடித்துவிட்டு வரலாம். அக்காவின் சீட்டுப் பணத்தை வாங்கிக்கொண்டு ரிச்சி ஸ்ட்ரீட் போய், செகண்ட் ஹேண்டில் ஒரு கோர் 2 குவாட் க்யூ8400 வாங்கி வந்துவிட்டான். "ரெண்டுமே எல்ஜிஏ 775 தான் மாமா, சூப்பரா உக்காருது" என்றான். உண்மைதான், உட்கார்ந்தது. ஃபேனும் சுத்தியது. திரையில் மட்டும் ஒன்றும் வரவில்லை. கடையில் கேட்டால், "டெஸ்ட் பண்ணித்தான் குடுத்தோம், ரிட்டர்ன் கிடையாது."

இதில் அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு இருக்கிறது.

1981-ல் ஐபிஎம் தன் பிசியை வெளியிட்டபோது அதன் நுட்ப விவரங்களையும் கையேடாகப் போட்டது. யார் வேண்டுமானாலும் அதற்குக் கார்டு செய்யலாம் என்று ஆனது; காப்பி மெஷின்களும் பெருகின. சுதாரித்த ஐபிஎம் 1987-ல் எம்சிஏ என்று பழைய கார்டுகள் ஏறாத புது பஸ் ஒன்றைக் கொண்டுவந்து, உரிமத்துக்குக் காசும் கேட்டது. அடுத்த வருஷமே காம்பேக் உள்ளிட்ட ஒன்பது கம்பெனிகள் சேர்ந்து ஈஐஎஸ்ஏ என்று போட்டிக்கு ஒன்றை அறிவித்தன. அதில் பழைய கார்டும் ஏறும்.

பிராசஸரிலும் இதே சண்டைதான். தொண்ணூறுகளின் நடுவில் சாக்கெட் 7 போர்டில் இன்டெல், ஏஎம்டி, சிரிக்ஸ் மூன்றையும் மாட்டலாம். 1997-ல் பென்டியம் 2-க்கு இன்டெல் ஸ்லாட் 1 என்று தனி வழி போட, அந்தக் காலம் முடிந்தது. 1999-ல் ஏஎம்டி கொண்டுவந்த ஸ்லாட் ஏ-தான் எனக்குப் பிடித்த கூத்து: கனெக்டர் அதேதான், திருப்பி வைத்திருப்பார்கள். ஆனா மின்சார ரீதியில் இரண்டுக்கும் ஒட்டு உறவே கிடையாது.

775-ம் அந்த ரகம்தான். 2004-ல் பென்டியம் 4-க்காக வந்த சாக்கெட், கோர் 2 குவாட் வரை பெயரோ வடிவமோ மாறாமல் ஓடியது. உள்ளே எல்லாம் மாறிவிட்டது. 915 போர்டில் பஸ் வேகம் 800-தான் உச்சம். க்யூ8400 கேட்பது 1333. பிராசஸருக்கு வோல்டேஜ் கொடுக்கும் பகுதியும் புது விதிப்படி இருக்கணும். சாக்கெட் பெயர் இதில் எதையும் சொல்லாது. போர்டு கம்பெனி போடும் சிபியு பட்டியலும், எந்த பயாஸ் பதிப்பிலிருந்து அது ஓடும் என்ற குறிப்பும்தான் சொல்லும்.

பிராசஸரை வைத்துக்கொண்டு போர்டை மாற்றுவது என்று முடிவு செய்தோம். ஜி31 போர்டு ஒன்றின் பட்டியலில் க்யூ8400 இருப்பதைப் பார்த்து, பயாஸ் எண்ணைக் காகிதத்தில் எழுதி, சட்டைப் பையில் வைத்துக்கொண்டு காலை எலெக்ட்ரிக் டிரெயினில் கிளம்பினோம். கடைக்காரரிடம் போர்டை ஆன் பண்ணச் சொல்லி, பயாஸ் எண்ணைச் சரிபார்த்த பிறகே காசு கொடுத்தேன். அவருக்குக் கொஞ்சம் எரிச்சல்தான்.

ராம் விஷயத்தில் வம்பு இல்லை. அவனுடைய பழைய டிடிஆர் 184 பின், 2.5 வோல்ட். ஜி31-க்கு வேண்டிய டிடிஆர்2 240 பின், 1.8 வோல்ட். டிடிஆர்3-ம் அதே 240 பின்தான், ஆனா 1.5 வோல்ட், நடுவெட்டு வேறு இடத்தில் இருப்பதால் தப்பாக மாட்டவே முடியாது. சாக்கெட்டிலும் அந்த வெட்டை வைத்திருந்தால் அக்கா பணம் பிழைத்திருக்கும்! பழைய ஐடிஇ ஹார்ட் டிஸ்க் மட்டும் புது போர்டிலும் ஏறியது.

பத்திரிகைகள் நேரத்துக்குப் போய்ச் சேர்ந்தன. அந்த மெஷின் இன்னும் ஓடுகிறது. விண்டோஸ் 10-க்கான ஆதரவு 2025 அக்டோபர் 14-ல் முடிந்தது. விண்டோஸ் 11-ன் 24எச்2 பதிப்புக்கு எஸ்எஸ்இ 4.2 கட்டளைகள் வேண்டும், க்யூ8400-ல் இருப்பது 4.1 வரைதான். போன வாரம் போன் பண்ணினான்: "மாமா, இப்ப எதை மாத்தணும்?" போர்டு பெயரைப் படிக்கச் சொன்னேன்.