எஸ்.ஓ.எஸ். என்றால் ஆபத்து இல்லை: பட்டாளத்துத் தாள்களை வாசிப்பது

"அவரு பட்டாளத்துல இருந்தவரு" என்று ஒரு சொந்தக்காரரைப் பற்றிப் பெருமையாகச் சொல்வதை நம்மில் பலர் கேட்டிருப்போம். அப்படி ஒருத்தருடைய பழைய சேவைப் பதிவேடு கைக்கு வந்தால், முதலில் கண்ணில் படுவது எழுத்துக்கூட்டம்தான். டி.ஓ.எஸ்., எஸ்.ஓ.எஸ்., பி.யூ.ஓ., சி.சி.எஸ்... முழு வசனமாக ஒன்றும் இருக்காது.

முதல் உலகப்போர் காலத்தில் பிரித்தானிய ராணுவம் 'பி.103' என்ற படிவத்தைப் பயன்படுத்தியது. அதன் தலைப்பில் 'கேஷுவல்டி' என்று இருப்பதைப் பார்த்ததும் ஆள் செத்துட்டார், இல்லாட்டி காயப்பட்டார் என்று நினைக்கத் தோன்றும். ஆனால் ராணுவக் கணக்கில் அந்தச் சொல்லுக்கு ஒரு சிப்பாயின் நிலையில் வந்த எந்த மாற்றமும் அர்த்தம்தான். பதவி உயர்வு, இடமாற்றம், காய்ச்சல், தண்டனை எல்லாம் அதே தாளில்தான் ஏறும்.

எஸ்.ஓ.எஸ். என்பது அபாய அறிவிப்பு இல்லை. அந்தப் பிரிவின் ஆள்கணக்கிலிருந்து பெயரை எடுத்துவிட்டார்கள் என்று பொருள். டி.ஓ.எஸ். என்றால் ஆள்கணக்கில் சேர்த்தார்கள். நம்ம செக்ரோலில் பேர் போடுவது, பேர் வெட்டுவது மாதிரி. ஒரு பிரிவில் எஸ்.ஓ.எஸ். இருந்தால் இன்னொரு பிரிவில் டி.ஓ.எஸ். இருக்கிறதா என்று தேடணும். அப்படித் தேடினால்தான் ஆள் எங்கிருந்து எங்கே போனார் என்று தெரியும்.

பி.யூ.ஓ. என்றால் காரணம் தெரியாத காய்ச்சல். என்.ஒய்.டி. என்றால் நோய் இன்னும் கண்டறியப்படவில்லை. சி.சி.எஸ். என்பது காயப்பட்டவர்களை முன்னணியிலிருந்து கொண்டுபோய்ப் பார்க்கும் கள மருத்துவ நிலையம். ஜி.எஸ்.டபிள்யூ. துப்பாக்கிக் காயத்தைக் குறிக்கும், ஆனால் குண்டுச் சிதறல் பட்டதற்கும் இதையே எழுதினார்கள். எஃப்.பி. நம்பர் 1 என்பது கொடுமையான தண்டனை. ஆளை ஒரு கம்பத்திலோ சக்கரத்திலோ நாளுக்கு 2 மணிநேரம் வரை கட்டிவைப்பார்கள். 1923இல்தான் அதை ஒழித்தார்கள்.

பலருக்குக் குழப்பம் வருவது தேதியில். ஒரே வரியில் இரண்டு தேதி இருக்கும். முதல் பத்தியில் இருப்பது செய்தி வந்து சேர்ந்த நாள். சம்பவம் நடந்த நாள் வேறொரு பத்தியில் இருக்கும். முதலாவதைப் பிடித்துக்கொண்டால் கதை முழுக்கத் தப்பாகிவிடும்.

இந்தியப் படையில் இருந்தவரென்றால் ஐ.இ.எஃப். என்ற எழுத்துக்களைத் தேடுங்கள். அதற்குப் பின்னால் வரும் ஒற்றை எழுத்துத்தான் போர்முனையைச் சொல்லும். 'ஏ' பிரான்ஸ், 'டி' மெசபத்தேமியா, அதாவது இன்றைய ஈராக். 'ஜி' கலிப்போலி.

இலங்கைத் தாள்களில் சி.எல்.ஐ. என்பது சிலோன் லைட் இன்ஃபன்ட்ரி, சி.ஜி.ஏ. பீரங்கிப் படை. சி.பி.ஆர்.சி. என்று இருந்தால் கொஞ்சம் நிதானிக்கணும். அது பிளான்டர்ஸ் ரைஃபிள் கோர், வெள்ளைக்காரத் தோட்டத் துரைமார்களின் படை. 1914 அக்டோபரில் அவர்களில் கிட்டத்தட்ட 230 பேர் கொழும்பிலிருந்து எகிப்துக்குக் கப்பலேறி, பிறகு கலிப்போலிக்கும் போனார்கள். சி.பி.ஆர்.சி. தாள் துரையுடையது. அவர் தோட்டத்தில் பெரட்டுக்கு நின்றவர்களுக்கு அந்தப் படையில் இடமில்லை.

நம்ம ஆட்களுக்கும் எழுத்தும் எண்ணும் கொடுத்தார்கள், ஆனால் வேறு விதமாக. 1901இல் தகரத் துண்டு முறை வந்தது. இந்தியாவிலிருந்து வரும் தொழிலாளி எந்தத் தோட்டத்துக்குப் போகணும் என்பதைக் காட்டும் குறி பொறித்த தகரத் தட்டைக் கழுத்தில் கட்டிவிட்டார்கள். பிரித்தானிய ராணுவம் தன் சிப்பாய்களுக்கு உலோக அடையாளத் தட்டு கொடுத்தது 1907இல். அதில் பெயர், படைப்பிரிவு, மதம் எல்லாம் இருந்தன, செத்தால் இன்னார் என்று தெரியணும் என்பதற்காக. தொழிலாளியின் தட்டு, ஆள் சரியான தோட்டத்துக்குப் போய்ச் சேர்ந்தாரா என்று பார்ப்பதற்காக.

செத்த பிறகும் இந்த வித்தியாசம் தொடர்ந்தது. ஈராக்கின் பஸ்ரா நினைவகத்தில் பிரித்தானியச் சிப்பாய்களுக்குப் பெயர் பொறித்தார்கள். இந்தியர்களில் அதிகாரிகளுக்கு மட்டும்தான் பெயர், சாதாரணச் சிப்பாய்கள் வெறும் எண்ணிக்கை. போர்க் கல்லறை ஆணையம் 2021இல் வெளியிட்ட அறிக்கையில் இந்தப் பாரபட்சத்தை ஒப்புக்கொண்டு மன்னிப்புக் கேட்டது. குறைந்தது 1,16,000 பேர் பெயரில்லாமலோ, நினைவுச் சின்னமே இல்லாமலோ விடப்பட்டிருக்கலாம் என்கிறது அந்த அறிக்கை.

இரண்டாம் உலகப்போரில் மலாயா 1942இல் ஜப்பானிடம் விழுந்த பிறகு, நேச நாடுகளின் இயற்கை ரப்பருக்கு இலங்கைதான் முக்கிய இடமானது. கேகாலைப் பக்கத்து ரப்பர் மலைகளில் பால் வெட்டியவர்களும் அந்தப் போருக்குத்தான் உழைத்தார்கள். அவர்களுக்கு எந்தப் படிவத்திலும் டி.ஓ.எஸ். விழவில்லை. சில வருஷம் கழித்து, 1948இன் குடியுரிமைச் சட்டம் அவர்களை நாடற்றவர்களாக்கியது. 1949ஆம் ஆண்டின் 3ஆம் இலக்கச் சட்டத்தில் விண்ணப்பித்தவர்களிடம், இத்தனை வருஷம் விடாமல் இங்கேதான் இருந்தாய் என்பதற்கு ஆதாரம் கேட்டார்கள். 8 லட்சத்துக்கும் அதிகமானோருக்காக விண்ணப்பம் போனது. ஏறத்தாழ 1,34,000 பேருக்குத்தான் கிடைத்தது. தாள் இருந்தவரும் இல்லாதவரும் வேறு வேறு தலைவிதிக்குப் போனார்கள்.

லண்டனில் இருந்த முதல் உலகப்போர்ச் சிப்பாய்களின் பதிவேடுகளில் பெரும்பகுதி 1940 செப்டம்பரில் குண்டு விழுந்து எரிந்துபோனது. அதனால் வீட்டுத் தகரப்பெட்டியில் இருக்கும் தாளுக்கு வேறு பிரதி இல்லாமலே இருக்கலாம். படையின் தாளோ, தோட்டத்துத் துண்டோ, பழைய கூப்பன் புத்தகமோ, இரண்டு பக்கத்தையும் படமெடுத்து வையுங்கள். புரியாத எழுத்தை ஊகித்து நிரப்பாமல் அப்படியே எழுதிவைத்து, பக்கத்தில் தேதியையும் இடத்தையும் குறியுங்கள். பெட்டியைத் திறக்கும்போது வீட்டில் வயசானவர்களையும் கூட உட்கார வையுங்கள். தாளில் எழுதாத பேர் அவர்களுக்குத்தான் தெரியும்.