திரும்பி வராத விருந்து: இயேசு சொன்னது என்ன?

"அவங்க நம்ம வீட்டுக் கல்யாணத்துக்கு எவ்வளவு வச்சாங்க?" மொய் உறையை ஒட்டுமுன் பல வீடுகளில் எழும் கேள்வி.

லூக்கா நற்செய்தியின் 14ஆம் அதிகாரம் இந்தக் கணக்கைத்தான் தொடுகிறது. பரிசேயர் தலைவர் ஒருவரின் வீட்டுக்குச் சாப்பிடப் போன இயேசு, விருந்து கொடுத்தவரிடமே பேசுகிறார். நண்பர், உறவினர், வசதியான அண்டைவீட்டாரை அழைத்தால் அவர்களும் பதிலுக்கு அழைப்பார்கள், கணக்கு நேராகிவிடும். ஆகவே ஏழைகளையும் உடற்குறையுள்ளோரையும் பார்வையற்றோரையும் அழைக்கச் சொல்கிறார்.

ஏன் அவர்கள்? திருப்பிச் செய்ய அவர்களிடம் ஒன்றுமில்லை. அதுதான் காரணம்.

அப்போ பலனே கிடையாதா? உண்டு. நீதிமான்கள் உயிர்த்தெழும்போது கைம்மாறு கிடைக்கும் என்கிறது அதே பகுதி.

6ஆம் அதிகாரம் இன்னும் கடினம். கடன் கொடுத்தாலும் திரும்ப வருமென்று எதிர்பார்க்கக்கூடாதாம். அதுவும் எதிரிக்கு!